ஒரு தண்ணி குறையும் பூமி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு, வளரும் பகுதிகளின் பொருளாதார, சமூகச் சிக்கல்கள் என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். பொதுவாகப் பேசினால் எல்லா ஊருக்கும் பொருந்தும், ஒரு ஊருக்கும் பயன்படாது. அதனால் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நிற்கலாம் என்று நினைக்கிறேன். அது இராமநாதபுரம்.

நம் அரசு அலுவலகங்களில் பழைய மிரட்டல் ஒன்று உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." எந்தக் காடு என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். சினிமா நகைச்சுவை வரைக்கும் போய்விட்ட பேச்சு அது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு மாவட்டத்தைத் தண்டனையாக நினைக்கிற நிர்வாகம், அங்கே எந்த மாதிரி மனநிலையில் ஆளை அனுப்பும், அனுப்பப்பட்டவர் எந்த மாதிரி மனநிலையில் வேலை செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். வந்த அன்றே திரும்பிப் போக யாரைப் பார்க்கலாம் என்று விசாரிப்பவரிடம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று கேட்க முடியாது.

2018 ஜனவரியில் மத்திய அரசு, பின்தங்கியிருந்தாலும் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து உண்டாக்கிய பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றானது. அந்த மூன்றில் இரண்டு இவை. ஆக, சிக்கல் நேற்று முளைத்ததல்ல.

வறட்சி மாவட்டம் என்கிறோம். ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் இதைவிடக் குறைவு. பிறகு ஏன் ஒரு ஊர் தொழில் நகரமாகவும் இன்னொன்று தண்ணியில்லாக் காடாகவும் பெயரெடுத்தன? காரணங்கள் பல. மழை, மண் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன். இங்கே மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதுவும் சில நாள்களில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. நிலம் தட்டையாகக் கடலை நோக்கிச் சரிகிறது. கோவைக்காரர் கிணறு வெட்டினார், மோட்டார் வைத்தார், பருத்தி போட்டார். இங்கே பல இடங்களில் ஆழம் தோண்டத் தோண்ட உப்புதான் வருகிறது. கிணற்றுக்கு வழியில்லாத ஊரில் மழையைப் பிடித்து வைக்கக் கண்மாயைத் தவிர வேறு கதியில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை இந்த மண்ணில் வெட்டியவர்கள் அதைத் தெரிந்தே வெட்டினார்கள்.

இங்கே நெல் விளைகிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் போல நாற்றங்கால், நடவு எல்லாம் பெரும்பாலும் கிடையாது. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக்கிடக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் பயிர் எழும். கார்த்திகை வரை வளரும். மார்கழியில் மழை நின்றுபோகும். பயிர் கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற நேரம் அதுதான். அப்போது இன்னும் ஒரு தண்ணி வேண்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அது கிடைத்தால் தை மாதம் களத்தில் நெல். கிடைக்காவிட்டால் பதர், அல்லது ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல். உழவு, விதை, உரம், களையெடுப்பு என்று முழுச் செலவும் செய்து முடித்த பிறகு, கடைசிப் படியில் கால் வழுக்குகிறது. ஒரு சம்சாரியிடம் இந்த வருஷம் எப்படி என்று கேட்டால், "ஒரு தண்ணியில போச்சு" என்பார். இந்த மாவட்டத்தின் பொருளாதாரம் முழுவதும் அந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்மாய் இருப்பதே அந்த ஒரு தண்ணிக்காகத்தான். வருஷம் முழுவதும் பாசனம் தர அது அணையல்ல. மழைக்காலத்தில் பிடித்து வைத்து மார்கழி, தையில் மடையைத் திறக்க வேண்டும். இராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையாலும் ஒரே மூச்சில் பறக்க முடியாத பரப்பு, நாற்பத்தெட்டு மடை. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மிகுதித் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படிக் கோத்துக் கட்டிய ஏற்பாட்டில் நடுவே ஒரு கண்மாய் மேடாகிவிட்டால் கீழே இருக்கும் அத்தனைக்கும் கேடு. வரத்துக்காலில் யாரோ வரப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டாலும் அதே கதைதான்.

முன்பு இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார். பல ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்பார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்பது அவர் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஊர் கூடி வரத்துக்காலை வெட்டிச் செதுக்கும். அதுதான் குடிமராமத்து. பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வேலையில் மண் சுமந்தவர்கள் யார், தண்ணீர் முதலில் பாய்ந்த வயல் யாருடையது என்று கேட்டால் சாதி வெளியே வரும். 1858இல் ஆங்கிலேயர் குடிமராமத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். ஆனாலும், கண்மாய்க்குப் பொறுப்பான ஆள் யார் என்று அன்றைக்குக் கேட்டால் கைநீட்டிக் காட்ட முடிந்தது.

வரலாற்றில் ஒரு முடிச்சு இருக்கிறது. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமை 1803இல் நிரந்தர ஜமீனாக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் ஒரே தொகையாக நிர்ணயமாயிற்று. அதன் விளைவைப் பாருங்கள். விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரிப் பகுதியில் அரசு ஒரு வாய்க்காலைச் சீர்செய்தால் நன்செய் கூடும், வரி கூடும், போட்ட பணம் திரும்பும். ஜமீனில் போட்டால் அரசுக்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காது. எனவே போடவில்லை. ஜமீனோ வாரிசு வழக்குகளில் கரைந்துகொண்டிருந்தது. கணவனை இழந்த பெண் தத்தெடுக்கலாமா என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்புச் சொன்ன வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் இந்துச் சட்டப் பாடமாக நடத்துகிறார்கள். அது இராமநாதபுரம் வழக்கு. இந்தியச் சட்டத்துக்கு நாம் நல்ல பாடம் கொடுத்தோம், நம் கண்மாய்க்கு மண் வெட்டத்தான் காசில்லை.

பெரியாற்றுத் தண்ணீரை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பலாம் என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேதுபதி சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது என்பார்கள். பணமில்லாமல் நின்றுபோன அந்த யோசனையை 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் முடித்துக் காட்டினார். தண்ணீர் வந்தது. கம்பமும் மதுரையும் மேலூரும் பச்சையாயின. யோசனை புறப்பட்ட ஊருக்கு வைகையின் மிச்சம்தான் வந்தது. 1959இல் வைகை அணை வந்தபிறகு அந்த மிச்சத்துக்கும் பங்குக் கணக்கு வந்தது. பழைய வைகைப் பாசனத்தில் பன்னிரண்டுக்கு ஏழு பங்கு இராமநாதபுரத்துக்கு என்பது ஏட்டுக் கணக்கு. ஏட்டில் பாயும் தண்ணீர் பார்த்திபனூர் மதகைத் தாண்டி வருவதற்குள் என்னாகிறது என்பதைப் பரமக்குடிக்காரர்களிடம் கேளுங்கள்.

1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. கண்மாயில் உள்ள மீன் ஒருவருக்கு ஏலம், கரையில் உள்ள மரம் வேறொரு துறைக்கு, உள்வாயில் பட்டா கேட்கும் மனு வருவாய்த் துறைக்கு. மடை ஒழுகினால் மட்டும் யாருக்கும் இல்லை. நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளப்பது நின்றது, அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போகட்டும், அதில் தவறில்லை. அந்த வேலையைச் சம்பளத்துக்கு யார் செய்வார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. நல்ல எண்ணம். கரையைப் பலப்படுத்தினார்கள், மடையைக் கட்டினார்கள், பல கண்மாய்களில் தண்ணீரும் நின்றது. ஆனால் பராமரிப்பு என்பது ஒரு தடவை பெரிய தொகை ஒதுக்கி, படம் எடுத்து, பலகை நடுகிற வேலையல்ல. வரத்துக்கால் வருஷா வருஷம் மண் மேவும். பழைய குடிமராமத்தில் இருந்த ஆண்டுதோறும் என்ற பகுதியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வயல் பொய்த்த இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விறகுக்காகவும் தரிசை மூடவும் அரசே சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்த மரம். இன்று இராமநாதபுரத்தில் எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் அதுதான். நிலத்தடி நீரை உறிஞ்சும் எமன் என்று அதைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவிட்டது, இயந்திரங்கள் இறங்கின. மறுபடி வளர்ந்துவிட்டது. ஏன்?

கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போனால் விடை கிடைக்கும். வெட்டிய கட்டைகளைக் கும்பமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் மெழுகி, அடியில் தீ வைக்கிறார்கள். தீ எரியக் கூடாது, கனிய வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் கட்டை கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் இரவிலும் ஒருவர் சுற்றிச்சுற்றி வந்து வெடிப்பில் மண் அப்பிக்கொண்டிருப்பார். நாள் கணக்கில் இப்படி. பிரித்தெடுத்து ஆறவைத்து மூட்டை கட்டினால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். நிலத்துக்காரருக்கு இதில் உழவில்லை, விதையில்லை, உரமில்லை. தூரிலிருந்து தானே துளிர்த்து மூன்று நான்கு வருஷத்தில் மறு வெட்டுக்கு வரும். நெல் ஒரு தண்ணியில் ஏமாற்றும், கருவேலம் ஏமாற்றாது. அதை விட்டுவைத்திருப்பது அவருடைய கணக்குத்தான், அதுவும் சரியான கணக்கு. அந்த மரத்தின் நிழலில் உள்ள பொருளாதாரத்தை மாற்றாமல் மரத்தை மட்டும் வெட்டச் சொன்னால், நீதிமன்றமே சொன்னாலும் நடக்காது. மார்கழியில் மடை திறக்கும் என்ற நம்பிக்கை வந்தால் அவரே வேரோடு பிடுங்கிவிடுவார்.

குடிநீர் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் பெண்கள் நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை வரிசையாக வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வண்டிக்கென்றே பட்டறையில் அளவு சொல்லிச் செய்கிறார்கள். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இங்கே வருவது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் குழாயின் கடைசி ஊருக்குத் தண்ணீர் வரும் நாள் யாருக்கும் தெரியாது. தண்ணீர் பிடிக்க ஒரு வீட்டில் ஒருவர் எப்போதும் காத்திருக்க வேண்டும், அவர் பெண்ணாகத்தான் இருப்பார். அந்தப் பெண்ணை எந்தத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ப்பீர்கள்?

இனிக் கடல். தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறது. மீனவர் என்றால் நம் செய்தித்தாள்களுக்கு இலங்கைக் கடற்படைக் கைதுதான் நினைவுக்கு வரும். 1974, 1976 ஒப்பந்தங்கள், கச்சத்தீவு என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பாக் நீரிணை குறுகலான, ஆழமில்லாத கடல். அதில் இத்தனை இழுவைமடி விசைப்படகுகளைத் தாங்க இடமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போரில் எல்லாம் இழந்து மீண்டும் வலை எடுத்தவர்கள் தமிழ் மீனவர்கள்தான் என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 2017இல் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம். மானியம் தாராளம்தான். காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர், வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிக்க வேண்டும். தூண்டில் முறை வேறு, பனிக்கட்டிச் செலவு வேறு, விற்கும் சந்தை வேறு. படகுக்குக் கணக்குப் போட்டவர்கள் இவற்றுக்குப் போடவில்லை. மெதுவாகத்தான் நகர்கிறது.

பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் கடற்பாசி எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. மூச்சடக்கி முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருகிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. தலைமுறையாகப் போன இடம் ஒரே நாளில் சட்டவிரோதமாயிற்று. அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடி மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, பாசி வளர மற்ற நாள்களை விடுவது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள்.  கண்மாயில் நாம் தொலைத்த ஏற்பாடு இந்தக் கடலில் புதிதாகப் பிறந்திருக்கிறது, அதுவும் பெண்கள் கையில். இதே கடலில் வேகமாக வளரும் அயல்நாட்டுப் பாசியைக் கொண்டுவந்து வளர்த்ததில், அது குருசடைத் தீவுப் பவளப் பாறைகளில் படர்ந்தது என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். இப்போது வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. அதன் நிர்வாகக் குழுவில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணுக்கு நாற்காலி உண்டா என்பதே என் கேள்வி.

சாதியைத் தொடாமல் இந்த மாவட்டத்தின் வளர்ச்சியைப் பேசுவது நாகரிகமாக இருக்கலாம், நேர்மையாக இராது. 1957 செப்டம்பர் 11 அன்று தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர்க் கலவரத்தின் தழும்பு இன்னும் ஆறவில்லை. 2011இல் அதே தேதியில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. செப்டம்பர் நினைவுநாளுக்கும் அக்டோபர் இறுதியில் பசும்பொன்னில் நடக்கும் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜைக்கும் இடையே மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது ஏறக்குறைய வருஷச் சடங்காகிவிட்டது. அந்த இரண்டு மாதம் எது என்று பாருங்கள். வரத்துக்கால் வெட்டவும் புழுதியில் விதைக்கவும் உள்ள மாதங்கள் அவை. ஊர் கூட வேண்டிய நேரத்தில் ஊர் கூடக் கூடாது என்று உத்தரவு இருக்கும். முதலாளி வர மாட்டார், தொழிற்சாலை வராது என்ற வழக்கமான வாதத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு கண்மாயின் மேல்மடை ஒரு சாதி, கடைமடை இன்னொரு சாதி என்றால், பாசன சங்கத்தைக் காகிதத்தில் பதிவு செய்யலாம். மார்கழியில் மடை திறக்கும்போது அந்தக் காகிதம் எதற்கும் உதவாது.

தொழில் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016இல் கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்றார்கள். ஏறத்தாழ 2,500 ஏக்கர். எந்த வெயிலால் வாடினோமோ அதே வெயில் காசானது. யாருக்கு என்றுதான் கேட்க வேண்டும். கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. கட்டி முடித்தபின் தகட்டைத் துடைக்கக்கூட இயந்திரம்தான். வழுதூரில் எரிவாயு மின் நிலையம் உண்டு. எரிவாயுவும் வெயிலும் கம்பி வழியாக வெளியே போகின்றன. காற்றாலையோ வேறெதுவோ அடுத்து வந்தாலும் இதே கதைதான் நடக்கும், உள்ளூருக்கு என்ன பங்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால்.

மிளகாயும் அப்படித்தான். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, கையில் எடுத்து ஆட்டினால் விதை கலகலக்கும். காரமும் மணமும் தனி. நெல் பொய்த்தாலும் கைகொடுக்கும் பயிர் இதுதான். மாசி, பங்குனியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாக்கை இறக்குகிறார்கள், விலை இறங்குகிறது. வைகாசி வரை வைத்திருந்தால் ஏறும். வைத்திருக்க முடியாது, விதைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. குறியீடு பெயரைக் காப்பாற்றும், விலையைக் காப்பாற்றாது. எட்டிவயலில் உள்ளதைப் போன்ற குளிர்பதனக் கிடங்கு இன்னும் சில வேண்டும். அதைவிட முக்கியமாக, கிடங்கு ரசீதை அடமானமாக வாங்கிக்கொண்டு அன்றைக்கே பணம் தருகிற வங்கி வேண்டும்.

வெளியூர் போவதைப் பற்றி யாரும் எனக்கு இரக்கம் கற்பிக்க வேண்டாம். இலங்கைத் தேயிலைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன சீமை இது. கீழக்கரைக்காரர்கள் கடல் கடந்து வணிகம் செய்தது நம் கணக்குகளுக்கெல்லாம் முந்தையது. போகிறவர் போகட்டும், பணம் அனுப்பட்டும். அனுப்பிய பணம் வீடாகவும் நகையாகவும் மட்டும் நிற்கிறது என்று குறை சொல்கிறோம். மடை திறக்கும் என்று உறுதியில்லாத வயலில் எந்தப் புத்திசாலி அதைப் போடுவார்?

2021இல் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர்க் கால்வாய். 14,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. முடிந்தால் மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தண்ணீரும் கடைசியில் வந்து சேர வேண்டியது இதே கண்மாய்களுக்குத்தான், இதே மேவிப்போன வரத்துக்கால்கள் வழியாகத்தான். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நீர்ப்பாய்ச்சி, ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ, மாதச் சம்பளத்துடன் நியமியுங்கள். வரத்துக்கால் வெட்ட ஆண்டுதோறும் ஆவணிக்குள் கைக்கு வரும்படி ஒரு சிறு தொகையைத் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். கண்மாய் மீன் ஏலப் பணமும் மரம் வெட்டிய பணமும் அந்தக் கண்மாய்க்கே திரும்பட்டும். மின் நிலையங்களிடமிருந்து ஊராட்சிக்கு வரும் வரி எவ்வளவு, அதில் எவ்வளவு இதற்குப் போனது என்பதைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். மொத்தத்தையும் கூட்டினால் அந்த 14,000 கோடியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிற தொகைதான் வரும்.

இதை ஏன் இதுவரை செய்யவில்லை என்பதற்கு நிதித்துறை ஒரு காரணம் சொல்லும், பொறியாளர்கள் ஒன்று சொல்வார்கள், ஊர்க்காரர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். மூன்றும் இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வி நேரத்தில் அதைப் பேசலாம்.